பீரோ சாவிக்கு ஒரு கேட் பாஸ்

தொண்ணூறுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். அந்தப் பெருமை என் கணவருக்குப் போதவில்லை. விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டமும் ஓட வேண்டுமாம். பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்திருந்தது. அது படுத்திய பாடு.

"என் ஹார்ட் டிஸ்கைத் தொட்டீங்க, அவ்வளவுதான்!" என்றேன். அதில்தான் நான் டைப் செய்த பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் இருந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் தலைமையாசிரியை கையில் கொடுத்தாக வேண்டும். "கையால எழுதிடுங்க டீச்சர், மிஷினை நம்பாதீங்க" என்று அந்த அம்மாள் சொன்னபோது, பெரிய இவள் மாதிரிச் சிரித்துவிட்டு வந்தவள் நான். வெளியே கசிந்துவிடக் கூடாதென்று கைப்பிரதியையும் கிழித்தாயிற்று.

"உன்னுது பக்கமே போகமாட்டேன். லினக்ஸுக்குன்னு தனி டிஸ்க் வாங்கியாச்சு" என்றார். ஞாயிறு முழுக்கத் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

திங்கள் காலை அவர் பேக்டரி ஷிஃப்டுக்குப் போனபின் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரை. 'லாகின்' என்று கேட்டுவிட்டு நின்றது. என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னையே யாரென்று கேட்கிறது! மூடியைக் கழற்றினால், என் டிஸ்கைக் காணோம். அந்த இடத்தில் புதியது சட்டமாக உட்கார்ந்திருந்தது.

முனைக்கடை போனிலிருந்து அவர் செக்‌ஷனுக்கு அடித்தேன்.

"பயப்படாதே, பத்திரமாத்தான் இருக்கு. தப்பித்தவறி அழிஞ்சிடக் கூடாதுன்னு கழட்டி, நகையோட பீரோல வெச்சுப் பூட்டியிருக்கேன். சாயங்காலம் வந்து ரெண்டையும் மாட்டிடறேன்."

"சாவி?"

"என் அரைஞாண் கயித்துல."

ஆட்டோ பிடித்து பேக்டரி வாசலுக்குப் பறந்தேன். உள்ளே இருந்து அவர் சாவியை நீட்ட, கேட் காவலாளி குறுக்கே கையை வைத்தார்.

"இன்னா சார், தெரிஞ்சிகினே பண்றியே? கேட் பாஸ் இல்லாம ஒரு குண்டூசி வெளிய போவாது."

"அது எங்க வீட்டு பீரோ சாவிங்க!" என்று கத்தினேன்.

"இருக்கலாம்மா. காலைல உள்ள வர்சொல்லோ எழுதினாரா? எழுதல. அப்போ இது பேக்டரி இரும்பு."

என் கணவர் ஓடிப்போய் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வந்தபோது மணி பத்து. அவசரத்தில் பாஸில் 'திருப்பித் தர வேண்டிய பொருள், இன்றே' என்று எழுதி வாங்கியிருந்தார். சரி சரி என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் மாட்டிக் கழற்றியதைப் பார்த்த ஞாபகத்தில் என் டிஸ்கை நானே மாட்டினேன். வினாத்தாள் அப்படியே இருந்தது, அழுதே விட்டேன். பிரிண்ட் எடுத்து, பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தலைமையாசிரியை மேசையில் வைத்தேன்.

"மிஷின் பரவாயில்லையே, டீச்சர்!"

"ஆமாம் மேடம்" என்றேன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "டீச்சர், அந்தச் சாவி திரும்பி வந்தாத்தான் சாரை வெளிய விடுவாங்களாம். கேட்லயே நிக்கிறாரு."

"பத்திரமாத்தானே இருக்கார்?"

"அதுக்கென்ன குறைச்சல்? சுத்தி நாலு காவல்."

"அப்போ இருக்கட்டும். வரேன்னு சொல்லுங்க."

இரண்டாவது டம்ளர் காபியையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.