ஒன்பது கிலோ

சட்டைப் பையிலிருந்து இரண்டு யூரோ நாணயம் ஒன்றை எடுப்பார். இறக்கையின் நுனியில் தொடங்கி, சாண் அளவுக்கு ஒரு தட்டாக, விமானத்தின் உடல்வரை தட்டிக்கொண்டே வருவார். தலை ஒரு பக்கம் சரிந்திருக்கும். கண்கள் மூடியிருக்கும். 'டிக்' என்று கேட்டால் உள்ளே பசை பிடித்திருக்கிறது. 'தொப்' என்று கேட்டால் ஒட்டுப்பலகை எங்கோ விட்டுவிட்டது. பதினொரு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அருட்பிரகாசம் இதைச் செய்கிறார். 'தொப்' என்று இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறது. அந்த இரண்டு இடங்களும், திறந்து மீண்டும் ஒட்டிய திகதிகளும் ஒரு நீலக் கொப்பியில் இருக்கின்றன.

பழக்கம் விமானக் கொட்டகையோடு நிற்கவில்லை. துருக்கிக் கடையில் வத்தகப்பழத்தை அதே நாணயத்தால் தட்டுவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டிவிட்டு, ஆள் வருவதற்குள் கதவின் பலகையையும் ஒருமுறை தட்டிக் கேட்பார். சலவை இயந்திரத்துக்குள் நாணயம் உருளும் சத்தம் வந்தால் அவர் மனைவி புஷ்பமலர் நிறுத்தி எடுத்துக் கொடுப்பார். "இஞ்சருங்கோ, உங்கட டொக்டர் குழாய் உள்ளுக்கை கிடந்து கத்துது."

மன்னாரிலிருந்து புறப்பட்டு எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அருட்பிரகாசத்துக்கு இருபத்துநான்கு வயது. அதுதான் அவர் ஏறிய முதல் விமானம். ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்பது இன்றுவரை ஒரு குறை. பிறகு மேற்கு ஜெர்மனியில், சோஸ்ட் நகருக்கு வெளியே, சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருட வேலை. பலகையின் குணம், பசையின் குணம் எல்லாம் அங்கே பழகியவை. வரைபடம் ஒன்றை வாங்கி, வாடகைக்கு எடுத்த மாட்டுக்கொட்டிலில் எட்டு வருடம் வேலை செய்து இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். "அலுமாரி மாதிரித்தான்," என்பார் கேட்பவர்களிடம். "என்ன, இது விழக்கூடாது."

இடது இருக்கை அவருடையது. வலது இருக்கையில் மகள் லவினியா இருந்திருக்கிறாள், விமானக் கழகத்து ஆட்கள் இருந்திருக்கிறார்கள். புஷ்பமலர் மட்டும் இருந்ததில்லை.

"மேலை குளிருமப்பா," என்றார் முதல் வருடம். அருட்பிரகாசம் வெப்பமூட்டி பொருத்தினார். "உந்தச் சத்தத்தில காது அடைச்சுப்போம்," என்றார். சுவர்களுக்குக் கம்பளித்துணி ஒட்டினார். முதுகு நோகும் என்றபோது தடித்த மெத்தையும் தலைக்கு ஒரு அணையும் வந்தன. காலடியில் வெறும் பலகை கிடக்கிறது என்றபோது கம்பளம். நடுவானில் கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று கேட்டபோது இரண்டாவது பற்றரி. கடைசியாக, "நிறமும் வடிவில்லை," என்றார். போன குளிர்காலம் முழுவதும் வெள்ளைப் பூச்சின் மேல் நீலம் அடித்தார்.

சொன்னதெல்லாம் ஏறாமல் தப்ப ஒரு சாட்டு. பயம் என்று சொல்லப் புஷ்பமலருக்கு வாய் வரவில்லை. அருட்பிரகாசத்துக்கோ சாட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. எதைச் சொன்னாலும் பழுது என்றே எடுத்துக்கொள்வார். கொப்பியில் எழுதுவார், திருத்துவார், கீழே ஒரு கோடு இழுப்பார். "அம்மா, அப்பாட்டை ஒண்டும் குறை சொல்லாதேங்கோ," என்று லவினியா போனில் சிரித்தாள். "சொன்னா எதையாவது பூட்டிப்போடுவார்."

இந்த வசந்தத்தில் விமானிகளைச் சோதிக்கும் டொக்டரிடம் போய் வந்தவர், சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார். "கண் கொஞ்சம் குறைஞ்சிருக்காம். ஒரு வருசத்துக்குத்தான் கையெழுத்து வைச்சவர். பிறகு பாப்பமெண்டார்."

புஷ்பமலர் தேத்தண்ணி ஊற்றி வைத்தார். "அப்ப நானும் ஒருக்கா வாறன்."

அருட்பிரகாசம் கோப்பையின் விளிம்பை நாணயத்தால் ஒருமுறை தட்டினார்.

புதுப் பூச்சு அடித்தால் விமானத்தை மீண்டும் நிறுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சனிக்கிழமை பரிசோதகர் ஹெர் கோஸ்டர் மூன்று தராசுகளோடு வந்தார். மூன்று சக்கரங்களையும் மூன்றிலும் ஏற்றினார்கள். கோஸ்டர் கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை கூட்டினார். பிறந்தபோது இருந்ததைவிட விமானம் பத்தொன்பது கிலோ கூடியிருந்தது. எரிபொருளும் அருட்பிரகாசமும் போக, வலது இருக்கைக்கு மிச்சம் ஐம்பத்தெட்டுக் கிலோ.

"அப்ப காணும், ஆறு கிலோ மிஞ்சும்," என்று அருட்பிரகாசம் கொப்பியைத் திறந்து காட்டினார். எடைப் பக்கத்தில், வலது இருக்கைக்கு நேரே, 'மலர் - 52' என்று எழுதியிருந்தது.

புஷ்பமலர் எட்டிப் பார்த்தார். "ஐம்பத்திரண்டோ? அது லவினியா பிறக்க முந்தி!"

"நான் அப்பிடித்தான் போட்டு வைச்சனான்."

கோஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தராசைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். புஷ்பமலர் அவர் பக்கம் பார்த்து, வருடக்கணக்காக யாருக்கும் சொல்லாத எண்ணை ஜெர்மனில் சொன்னார்: "அறுபத்தேழு."

ஒன்பது கிலோ கூட. இதைவிட நல்ல சாட்டு இனிக் கிடைக்காது. புஷ்பமலர் கைப்பையைத் தோளில் மாட்டினார். வீட்டுக்குப் போய்விடலாம். அருட்பிரகாசம் கொப்பியை மூடாமல், ஐம்பத்திரண்டைப் பார்த்தபடி நின்றார். கைப்பையைத் திரும்பவும் மேசையில் வைத்துவிட்டு, புஷ்பமலர் விமானத்துக்குள் குனிந்து கம்பளத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கெண்டு பூட்டினதெல்லாத்தையும் கழட்டித்தான் என்னை ஏத்தப்போறியள், என்ன?"

"நீர் கேட்டதெல்லோ."

"கேட்டனான்தான். பயத்தில கேட்டனான்."

திருகாணி முடுக்கியோடு அருட்பிரகாசத்தின் கை நின்றது. "பயமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒண்டு பூட்டியிருப்பியள்."

இரண்டு சனிக்கிழமைகள் கழற்றினார்கள். வெப்பமூட்டியும், தலையணையும், கம்பளமும், இரண்டாவது பற்றரியும் இப்போது மேசைக்குக் கீழே ஒரு வாழைப்பழப் பெட்டியில் இருக்கின்றன. சுவர்த்துணியைப் பிய்த்த இடங்களில் பசைத் தடம் தெரிகிறது. கோஸ்டர் மறுபடி நிறுத்துப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டார். ஒன்பது கிலோ நானூறு கிராம் குறைந்திருக்கிறது. கொப்பியில் அருட்பிரகாசம் ஐம்பத்திரண்டை வெட்டி, பக்கத்தில் அறுபத்தேழு என்று எழுதியிருக்கிறார். நீலப் பூச்சு அப்படியே இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. காற்று இல்லை. புஷ்பமலர் வலது இருக்கையில் பட்டியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி இருக்கிறார். அருட்பிரகாசம் இரண்டு இறக்கைகளையும் நுனியிலிருந்து தட்டி முடித்தார். எங்கும் 'டிக்'. ஏறக் கால் வைத்தவர் திரும்பி வந்து, அந்த எட்டரைக் கிராம் நாணயத்தையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய் ஏறினார்.