வீடு வந்து சொல்ல வேண்டும்

பிரதேச சபையில் இப்போது எனக்கும் ஒரு கதிரை இருக்கிறது. அந்தக் கதிரைக்கு நான் போன வழி ஒரு செத்தவீட்டு ஓட்டோவில்தான் தொடங்கியது. சிரிக்காதீர்கள், உண்மை அதுதான்.

நான் தேயிலைத் தோட்டத்திலிருந்து புத்தூருக்குக் கலியாணம் முடித்து வந்தவள். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லோருமே மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான். பள்ளக் காணி. மாரி மழை விழுந்தால் வெள்ளம் வாசலோடு நிற்காது, கட்டிலுக்குக் கீழே வந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போகும். "அவளுக்குத்தான் வாய் நீளம், அவளே போய் மல்லுக்கட்டட்டும்" என்று ஒழுங்கைப் பெண்கள் என்னை மாதர் சங்கத் தலைவியாக்கினார்கள்.

மல்லுக்கட்டினேன். வாய்க்கால் வெட்டித் தரச் சபை சம்மதித்தது. ஆனால் அது ஒரு வெங்காயத் தோட்டக்காரருடைய காணி ஓரமாகப் போகவேண்டும். அவர் மாட்டேன் என்றால் இந்த மாரிக்கும் பிள்ளைகள் கட்டில்மேல் இருந்துதான் சோறு தின்னவேண்டும். ஊரைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் அவரிடம் கேட்போம் என்று கூட்டம் வைத்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டுவது பெரிய வேலையா? தப்பு மேளத்தை நாலு தட்டுத் தட்டினால் லயத்து வீடுகளில் இருக்கிற சனம் முழுக்க வெளியே வந்துவிடும். இங்கே தப்புக்கு எங்கே போவது? மருதனார்மடத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்றைப் பிடித்தேன். அந்த மனிதர் என் பெயரையும் கூட்டத்தையும் கனத்த குரலில் இழுத்து இழுத்து அறிவித்தார். கடைசியில், செத்தவீட்டு அறிவித்தல் சொல்லிச் சொல்லி வந்த பழக்க தோஷத்தில், "இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடித்தும் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் தோட்டக்காரருடைய மனைவி எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ பிள்ளை, நீர் உயிரோடையோ இருக்கிறீர்?"

"ஏன் அக்கா, நான் என்ன செஞ்சேன்?"

"செத்தவீட்டு ஓட்டோவிலை உம்மடை பேர் போகுது! உலையை வைச்சது வைச்சபடி விட்டிட்டு ஓடிவாறன்."

கூட்டத்துக்குத்தான் என்றதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கெட்டதெண்டால் கேள்விப்பட்டாலே போவம், பிள்ளை. நல்லதுக்கு வீட்டை வந்து சொல்லவேணும். சொல்லாமல் ஆர் வருவினம்?"

அவர் சொன்னபடியே ஆயிற்று. கூட்டத்துக்கு எங்கள் ஒழுங்கைக்காரர் மட்டும்தான் வந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம்! இத்தனை வருடத்தில் நல்லது ஒன்றுக்காக எங்கள் படலையை யார் திறந்தார்கள்? வந்தான் வரத்தானுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டவர்களின் வீடு வீடாக நான் மட்டும் ஏறி இறங்க வேண்டுமோ? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு வானம் கறுத்தது. என் கோபமா வந்து வாய்க்கால் வெட்டப்போகிறது? நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கூட்டம் வைக்கிறம். கட்டாயம் வரவேணும்." போன வீடெல்லாம் தேத்தண்ணி. வேண்டாம் என்றால் அது வேறு குற்றம். வயிறு முட்ட முட்டக் கடைசியாகத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சதோ?"

ஞாயிற்றுக்கிழமை இருக்க இடமில்லாமல் சனம். அவரும் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழும்பிப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, இரவு பெய்த மழை வடியுமுன்னே படலை திறந்தது. தோட்டக்காரரும் மனைவியும். அக்காவின் கையில் தட்டம், தட்டத்தில் குங்குமமும் சந்தனமும்.

"மகளுக்குக் கலியாணம், பிள்ளை. சொல்ல வந்தனாங்கள்."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு குங்குமத்தைத் தொட்டு வைத்தேன். நல்லது ஒன்றுக்காக எங்கள் படலை திறந்தது எனக்கே புதினம்தான். தோட்டக்காரர் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார்.

"ஒரு வீடும் விடாமல் சொல்லவேணும். கூட்டிக்கொண்டு போம்."

"அண்ணை, அந்த வாய்க்கால்..."

அவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். கணுக்கால் வரைக்கும் சேறு.

"என்ரை வீட்டுக் கலியாணத்துக்கு என்ரை சனம் உந்தச் சேத்துக் காலோடையோ வாறது? வெட்டுங்கோ."