மருந்து அடித்த நாள்

எங்கள் விழுப்புரம் பக்கத்தில் பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவனுக்குக் கூலி மட்டும் கொடுத்தால் போதாது. ஒரு குவார்ட்டர் பாட்டிலும் வாங்கித் தர வேண்டும். குடித்தால் மருந்து வாடை நெஞ்சை விட்டு இறங்கிவிடும் என்று காணையிலும் சொல்வார்கள், கெடாரிலும் சொல்வார்கள். நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். அந்த மருந்தும் மதுவும் ஒரே உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஓய்வுபெற்று நிலத்துக்குத் திரும்பிய பிறகு, நானும் வாங்கிக் கொடுத்தேன். பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவேன்.

என் நிலத்துக்கு எப்போதும் ஒரே ஆள்தான் மருந்து அடிப்பான். மருந்து அடிக்கிற நாளில் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவன், பிறகு மற்ற நாளிலும் குடிக்கத் தொடங்கினான். ஒருநாள் அவன் மனைவி அவனை மயிலம் மலைக்கோயிலுக்கு அழைத்துப் போய்க் கையில் கயிறு கட்டிவிட்டாள். கயிறு கையில் இருக்கும்வரை குடிக்கக் கூடாது. அது முருகனுக்குக் கொடுத்த வாக்கு.

கோயிலிலிருந்து நேராக இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"எந்த வேல வேணா சொல்லுங்க சார், செய்யறேன்" என்றான். "மருந்து மட்டும் வாணாம். அந்த வாட மூக்குல ஏறுனா, கை தானா பாட்டிலத் தேடுது."

அவள் வாசலிலேயே நின்றாள். "ஊர்ல எல்லாரும் ஊத்திக் குடுக்கறவங்கதான் சார். நீங்க படிச்சவரு. நீங்க மட்டும் குடுத்துடாதீங்க."

"நான் ஏம்மா கொடுக்கப் போறேன்" என்றேன்.

அந்தப் போகத்தில் நடவிலிருந்தே அவன் வரப்பு வெட்டினான், தண்ணீர் கட்டினான். முகம் தெளிந்துவிட்டது. பக்கத்துக் கழனிக்காரன் அவனைச் சீண்டுவான்.

"இன்னாடா சாமியாரே, வரப்பு வெட்டியே மோட்சத்துக்குப் போயிடலாம்னு பாக்கறியா?"

"நீ முன்னால போயிக்கினே இரு. நான் மெதுவா வர்றேன்" என்பான் இவன்.

நெல் கதிர் விடும் நேரத்தில் புகையான் விழுந்தது. பயிரின் அடித்தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி அது. அது விழுந்த இடம் தீப்பட்டது போல வட்டமாகக் காய்ந்துபோகும். முதல் நாள் என் நிலத்தின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குப் பழுப்பு தெரிந்தது. மறுநாள் அது ஒரு களத்தின் அளவுக்கு வந்துவிட்டது. ஊர் முழுக்க இதே நிலைமை என்பதால் மருந்து அடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் அவனைக் கூப்பிட்டேன். ஒரு நாள்தானே என்றேன். கையில் இருந்த கயிற்றைத் தடவிக்கொண்டே தலையாட்டினான்.

"பாட்டில் மட்டும் வாங்கிக்கினு வந்துடாதீங்க சார்."

வாங்கினேன். பாதியில் நிறுத்திவிடுவானோ என்ற பயம். ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு கழனிக்குப் போனேன்.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் தெளிப்பான் சத்தம் நின்றது. அவன் வரப்பில் குந்தி ஓங்கரித்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்து நீர் மட்டும் வடிந்தது. காற்றே இல்லை. மருந்து வாடை பயிர்மேல் அப்படியே நின்றது.

"முடியல சார். மிச்சத்த நாளைக்கு அடிக்கறேன்."

அடித்தது பாதி நிலம்தான். மிச்சத்தை விட்டால் விடிவதற்குள் பூச்சி பரவிவிடும். நான் பெட்டியைத் திறந்து, பாட்டிலை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன். இந்த முறை வேறு பக்கம் பார்க்கவில்லை.

"வாடைக்குக் குடிக்கிறதை முருகன் குடின்னு எடுத்துக்க மாட்டார்" என்றேன்.

அவன் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "நீங்களே சொல்றீங்களா சார்?"

"நான்தான் சொல்றேன்."

கயிற்றை அவிழ்த்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். சற்று நேரத்தில் தெளிப்பான் சத்தம் மறுபடி கேட்டது. கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் காலையில் கண் சிவந்து வந்தான். "வீட்ல யாரு குடுத்ததுன்னு கேட்டு ஒரே பேஜாரு பண்ணிட்டா. பக்கத்துக் கழனியிலன்னு சொல்லிட்டேன். உங்க பேர எடுக்கல சார்."

"சரி" என்றேன்.

அவன் மறுபடி மருந்து அடிக்கிறான் என்று தெரிந்ததும் எல்லோரும் கூப்பிட்டார்கள். எல்லோரும் பாட்டிலும் கொடுத்தார்கள். என் நெல் நன்றாக விளைந்தது. அடுத்த போகத்தில் அவன் மதுக்கடை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் காத்திருக்கத் தொடங்கினான். கால் வீங்கியது, வயிறு உப்பியது, கண் மஞ்சளாகியது. பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் அந்த நிலையிலும் எழுந்து நின்று, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுவான். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிரோடு திரும்பவில்லை.

சாவுக்கு மாலையோடு போனேன். பந்தலில் அவன் பங்காளி ஒருவன் என் அருகில் வந்து குனிந்தான்.

"சார், குழி வெட்டறவங்க சரக்கு கேக்கறாங்க. கடைக்கு ஆளனுப்பணும். நீங்க எதனா பாத்து..."

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் நிமிர்ந்தாள். அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அவரப் போயி கேக்கறியே, உனக்கு அசிங்கமா இல்ல? இந்த ஊர்ல எங்காளுக்கு ஊத்திக் குடுக்காத ஆளு அவரு ஒருத்தருதான்."

பங்காளி கூசிப்போய் விலகினான். பந்தலில் இருந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். மாலையை அவன் நெஞ்சில் வைத்தேன். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்தேன்.

போன வாரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். மகளைக் கட்டிய மருமகன் ஊரோடு வந்துவிட்டானாம். மருந்து அடிக்கிற வேலைக்குப் போகிறேன் என்கிறானாம்.

"மத்த கழனிக்குப் போனா ஊத்திக் குடுத்துக் கெடுத்துடுவாங்க சார். உங்க கழனிக்கு மட்டும் அனுப்பறேன். நீங்க பாத்துக்குவீங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.

அனுப்பும்மா என்றேன். நாளைக் காலையில் அவன் வருகிறான்.