நாற்பத்தோராவது துண்டு

குறடு கம்பியைக் கடித்ததும் மீராமுகைதீன் ஒரு பொடிக்கல்லை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுவார். பிறகு குனிந்து, வெட்டுண்டு விழுந்த விரல்நீளத் துண்டைத் தேடிப் பொறுக்கிப் பால்மாத் தகரப் பேணிக்குள் போடுவார். அதன்பிறகுதான் அடுத்த தூண்.

மருதமுனைக்கு மேற்கே, வயல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஜெமீலாவின் மேய்ச்சல் காணி. மாட்டுக்கு வேலி என்றால் மீராமுகைதீன்தான் என்று ஊரே சொன்னதால் அவரைக் கூட்டி வந்திருந்தாள். வந்தவர் முதல்நாள் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்றின் முழங்காலுக்கு ஒரு வரி, கிழட்டுப் பசுவின் நெஞ்சுக்கு ஒரு வரி என்று தடியொன்றில் கோடு கீறிக்கொண்டார். மறுநாள் அலவாங்கைப் பிடித்தார் பாருங்கள், மூலைத் தூணுக்கு அவர் தோண்டிய குழிக்குள் ஜெமீலா இடுப்பளவு நிற்கலாம். நட்டு முடித்த தூணில் அவள் முதுகைக் கொடுத்து முட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாக உறங்கினாள்.

அவளுடைய ஒன்பது மாடுகளும் பக்கத்து வயல்காரர் நஸீமின் வெள்ளாமைக்குள் இரண்டு தரம் இறங்கிவிட்டிருந்தன. பள்ளிவாசலில் பேசித் தீர்த்தார்கள். வெள்ளிக்கிழமை அந்தி மஃரிபு பாங்குக்கு முன் மாடுகள் வேலிக்குள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியை விற்றுவிட வேண்டும். தயிர் விற்றுப் பிழைக்கிறவளுக்கு அது வயிற்றில் அடிக்கிற முடிவு.

இந்தப் பொறுக்குகிற பைத்தியம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்னார்.

"எண்ட சொந்த மாடு தங்கச்சி. திங்காமக் கொள்ளாம மெலிஞ்சி போச்சி. அறுத்துப் பாத்தா இருதயத்துக்குக் கிட்டக் கம்பித் துண்டு குத்திப்போய்க் கிடக்கு. எண்ட குறட்டு வாயில ஒரு பல்லு உடைஞ்ச. அந்தத் தடம் வெட்டுல அப்படியே இரிந்திச்சி. புல்லோட சேத்து முழுங்கியிரிக்கி. அதுக்கு என்ன தெரியும்."

அந்தக் குறட்டை அவர் இன்னும் மாற்றவில்லை.

வெள்ளி மாலை வாசல் கேற்றும் மாட்டிப் பூட்டியாயிற்று. மாடுகள் வெளியே கட்டப்பட்டு நின்று கத்தின. நஸீம் வந்து வரம்பில் நின்றுகொண்டார். மீராமுகைதீன் கற்களையும் துண்டுகளையும் கேற்றடியில் கொட்டி எண்ணினார். கல் நாற்பத்தொன்று, துண்டு நாற்பது. திரும்பவும் எண்ணினார். அதே கணக்குத்தான்.

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தமொன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். அதைப் புல்லில் இழுத்துக்கொண்டு வேலியோரம் முழுக்க நடந்தார். துருப்பிடித்த ஆணியொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. துண்டு வரவில்லை. வெயில் வயலுக்கு அப்பால் மங்கிக்கொண்டிருந்தது.

"காக்கா, ஒரு துண்டுதானே. நாளைக்குத் தேடுவம். பாங்கு சொல்லப் போறாங்க," என்றாள் ஜெமீலா.

"மாடு இண்டைக்கே மேயும் தங்கச்சி."

"பட்டி போனா நான் என்ன செய்ற?"

அவர் காந்தத்தைக் கயிற்றோடு சுருட்டி வைத்தார். கேற்றுப் பூட்டின் திறப்பு அவர் மடியில் இருந்தது. பறித்தெடுத்தால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வரம்பில் நஸீம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மீராமுகைதீன் செருப்பைக் கழற்றி வைத்தார். மூலைத் தூணிலிருந்து தொடங்கி, வெறுங்காலால் புல்லைத் தடவி, அழுத்தி, அடிமேல் அடி வைத்து நடந்தார். ஜெமீலா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய மாடுகள் அவை. அவற்றுக்காக அவளே இப்படிக் கால் வைத்திருப்பாளா என்பது சந்தேகம். கோபம் போன இடம் தெரியவில்லை.

ஏழாம் தூணடியில், குளம்பு பதிந்த ஈரப் பள்ளமொன்றில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். முகம் சுளித்தது, பிறகு மலர்ந்தது. காலைத் தூக்கினார். துண்டு பாதத்தில் ஏறியிருந்தது. பிடுங்கி, வெட்டுவாயில் அந்தத் தடத்தைப் பார்த்து, இரத்தத்தைச் சாரனில் துடைத்துப் பேணிக்குள் போட்டார். பாங்கு இன்னும் சொல்லவில்லை. நொண்டிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தார்.

"அவுத்து உடுங்க தங்கச்சி," என்றவர், குத்துப்பட்ட காலை நிலத்தில் வைக்காமல், கேற்றை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.