கடலில் சாதியா, கரையில் அதீஃப்

தேக்கா கடைத்தெருவில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் நாகூர் கனியின் பிள்ளைகள் இரண்டு பேருமே எண்ணெய்க் கிணறு தோண்டுகிற என்ஜினியர்கள் என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். சிங்கப்பூரில் ஏது எண்ணெய்க் கிணறு என்று கேட்பார்கள். கிணறு சரவாக் கடலில் இருக்கிறது, அதைத் தோண்டச் சொல்கிற ஆபீஸ் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் பத்தொன்பதாவது மாடியில் இருக்கிறது என்று கனி பொறுமையாக விளக்குவார். மகள் கடலில், மகன் ஆபீஸில், இரண்டும் ஒரே கம்பெனி என்று சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதெல்லாம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்வதற்கு முன்னால்.

மூத்தவன் அதீஃப்தான் முதலில் போனான். இரண்டு வருடம் கடல் நடுவே கிணறு தோண்டும் ரிக்கில் இருந்தான். கல்யாணம் ஆனதும் கரைக்கு வந்துவிட்டான். பொங்கோலில் வீடு, இரண்டு குழந்தைகள், காலையில் ரயில் ஏறினால் மாலையில் வீடு. ஐந்து வயது இளையவளான சாதியா அவன் படித்ததையே படித்து, அவன் சேர்ந்த கம்பெனியிலேயே சேர்ந்தாள். நானா என்று அவள் கூப்பிடும் அண்ணன் செய்கிற எதையும் தன்னால் செய்ய முடியும் என்று காட்டுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வேலை. ஆனால் கடலை விட்டு வரும் விஷயத்தில் மட்டும் அவள் அவனைப் பின்பற்றவில்லை. ஏழு வருடம் அங்கேயே இருந்தாள்.

இருபத்தெட்டு நாள் கடலில், இருபத்தெட்டு நாள் வீட்டில். சாங்கி விமான நிலையத்திலிருந்து சரவாக்கின் மீரி, அங்கிருந்து ஹெலிகாப்டர். நூற்றுப்பத்துப் பேர் வேலை செய்யும் ரிக்கில் பெண்கள் மூன்று பேர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்ததும் குளித்து, தொழுது, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். அங்கே யாரும் அவளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்பதில்லை. தோ பாயோவில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் உம்மா பரீதா கேட்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

"ஹெலிகாப்டர்ல போய்ட்டு வர்ற பொண்ணை எவன் வந்து கேப்பான்? உங்க நானா மாதிரி கரைக்கு வா. ஆபீஸ்ல உக்காரு."

"நானா உக்காந்திருக்கார்ல. வீட்டுக்கு ஒருத்தர் போதும்," என்பாள் சாதியா.

சண்டை ஒரு சிமெண்ட் வேலையில் ஆரம்பித்தது. கிணற்றில் இறக்கிய இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமெண்டைச் செலுத்திவிட்டு, அது இறுகும்வரை எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். சரியாக இறுகாவிட்டால் கீழே இருக்கும் வாயு அந்த இடுக்கு வழியே ஏறி வரும். வந்தால் என்ன ஆகும் என்பதை ரிக்கில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்றைக்குத் திட்டத்தில் பதினெட்டு மணி நேரம் என்று போட்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. பன்னிரண்டு போதும் என்று அதில் இருந்தது. கீழே அதீஃபின் பெயர்.

சாதியா போனை எடுத்தாள்.

"நானா, கப்ல எடுத்து வெச்ச சாம்பிளை இப்பதான் பார்த்தேன். இன்னும் இறுகல, நகம் இறங்குது."

"அந்தக் கப் எங்க இருக்கு?"

"லேப்ல."

"ஏசி ரூம்ல. கிணத்துக்குள்ள நூறு டிகிரிக்கு மேல. அங்க எப்பவோ கல்லாயிருக்கும். இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா கீழ போய் நானும் பார்க்கல, நீங்களும் பார்க்கல."

"கேல்குலேஷன் பண்ணியாச்சு லா."

"பதினெட்டுன்னு முதல்ல போட்டது யாரோட கேல்குலேஷன்?"

அதுவும் அவன் போட்டதுதான். அதீஃப் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது நம்ம வீடு இல்ல சாதியா. சொன்னதைச் செய்," என்றான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது. ஆபத்து என்று தோன்றினால் சமையல்காரர்கூட வேலையை நிறுத்தலாம் என்பது ரிக்கின் விதி. அதற்கென்று ஒரு அட்டை உண்டு. சாதியா அட்டையை எடுத்து, "உறுதி செய்யப்படாத கணக்கை நம்பி வேலையைத் தொடர முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ரிக் மேலாளரிடம் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலையை நிறுத்தினார்.

மிச்சமிருந்த ஆறு மணி நேரமும் காத்திருந்தார்கள். பிறகு அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். சிமெண்ட் முதல் தடவையிலேயே தேறியது. ஆறு மணி நேரம் முன்னால் சோதித்திருந்தால் தேறியிருக்குமா? யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. தெரிந்தது ஒன்றுதான். அந்த ஆறு மணி நேரத்துக்குள் கடல் கொந்தளித்துவிட்டது. ரிக்கை அடுத்த இடத்துக்கு இழுத்துப்போக வந்த படகுகள் திரும்பிப் போயின. நான்கு நாள் வீணானது. அந்த வருடம் அதீஃபுக்கு வரவேண்டிய டீம் லீடர் பதவி கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவனுக்குப் போனது. காரணம் என்று யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. அதீஃபுக்கு எழுத்து தேவைப்படவும் இல்லை.

அடுத்த விடுப்பில் சாதியா வந்தபோது துறைத் தலைவர் திருமதி லிம் அவளைக் கூப்பிட்டார். தேவையான நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவள் ஆபீஸிலும் வேண்டும், திட்டமிடும் பிரிவில் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். அது அதீஃபின் பிரிவு. உம்மாவுக்குச் சேதி போனதும் வீட்டில் நெய்ச்சோறு. சாதியாவுக்கு மனசே இல்லை. வேண்டாம் என்று பதில்கூட எழுதி வைத்துவிட்டாள். மறுநாள் அனுப்பலாம் என்று இருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாப்பா கனியின் கடையில் கூட்டம். ஊருக்குப் போகிற தொழிலாளிகள் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து, சக்கரத்தை உருட்டிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சாதியா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அதீஃப் நேராக அவளிடம் வந்தான்.

"லிம் கூப்பிட்டாங்களாம்ல."

"ஆமா."

"வராதே."

"ஏன்?"

"நீ எனக்குச் செஞ்சது போதும். கடல்லயே இரு. என் பக்கத்துல வந்து உக்காராதே."

"இத்தனை வருஷமா உம்மாவோட சேர்ந்துக்கிட்டு கரைக்கு வா, கரைக்கு வான்னு சொன்னது நீங்கதானே?"

"அப்போ நீ யாருன்னு எனக்குத் தெரியாது."

இரண்டு பெட்டிகளைக் கையில் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். கனி மகனின் தோளில் கை வைத்தார். அதீஃப் அந்தக் கையை எடுத்து விட்டுவிட்டுப் போய்விட்டான்.

சாதியா போனை எடுத்து, எழுதி வைத்திருந்த பதிலை அழித்தாள். வருகிறேன் என்று எழுதி அங்கேயே அனுப்பினாள். ஏழு வருடமாக யார் எவ்வளவு சொல்லியும் வராதவள், அவன் வராதே என்றான் என்பதற்காக வந்தாள். வாழ்க்கையின் பெரிய முடிவை அப்படி எடுத்ததைப் பற்றி அவளுக்குப் பிற்பாடு வெட்கமாகத்தான் இருந்தது.

ஆபீஸில் அவளுக்குக் கிடைத்த மேசை அவன் மேசைக்கு எதிரில். அவன் அனுப்பும் ஈமெயில்களில் எல்லார் பெயரும் இருக்கும், அவள் பெயர் விட்டுப்போயிருக்கும். அவள் போடும் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் கூட்டம் நடக்கும்போது திரையில் பெரிதாக்கிக் காட்டுவான். அவளும் சும்மா இல்லை. அவனை நானா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். "அதீஃப், இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் அவன் காதில் எப்படி இறங்குகிறது என்பதைக் கவனிப்பாள். ஆரம்பத்தில் சிரித்த சக ஊழியர்கள் நாளடைவில் இரண்டு பேரையுமே சாப்பிடக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

இதற்கு நடுவில் கரை வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. கடலில் இருந்தபோது அவளுக்கு ஒரு கிணறு. இங்கே மூன்று. தினமும் காலையில் லிம் அறிக்கையைத் திறந்தால் முதலில் பார்ப்பது எத்தனை மணி நேரம் தாமதம் என்ற பத்தியைத்தான். மூன்றாவது மாதத்தில் சாதியாவும் அந்தப் பத்தியை முதலில் பார்க்க ஆரம்பித்தாள். ஆறாவது மாதத்தில் ரிக்கிலிருந்து வரும் குரல்கள் எல்லாம் அவளுக்குச் சாக்குப்போக்காகக் கேட்டன.

பதினோராவது மாதம், ஒரு புதன்கிழமை பிற்பகல், ரிக்கிலிருந்து சரத் கூப்பிட்டான். அவள் விட்டு வந்த இடத்தில் இருந்தவன். நிதானமான ஆள்.

"சாதியா, உடைஞ்ச பாறைத்தூள் முழுசா மேல வரல. குழாயை அசைச்சா பிடிக்குது. இன்னும் நாலு மணி நேரம் கிணத்தைக் கழுவிட்டு அப்புறம் குழாயை எடுக்கலாம்."

"நாலா? ஏற்கனவே பத்து மணி நேரம் பின்னாடி இருக்கோம்."

"தெரியும். ஆனா இங்க நின்னு பார்த்தா…"

"கேல்குலேஷன்படி ஒண்ணு போதும், சரத். எடுத்துடுங்க."

சரத் மறுபேச்சுப் பேசவில்லை. அவளைப்போல அட்டையும் எழுதவில்லை. குழாயை எடுக்க ஆரம்பித்தான். பாதியில் அது சிக்கிக்கொண்டது. மூன்று நாள் இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் குழாயை அறுத்து, அடிப்பாகத்தைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டு, பக்கவாட்டில் வேறு வழி தோண்ட வேண்டியதாயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. அது ஒன்றுதான் நல்லது.

விசாரணைக் கூட்டத்தில் லிம் இருந்தார், திரையில் சரத் இருந்தான். சாதியா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதீஃப் கையை உயர்த்தினான். மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தான்.

"உறுதி செய்யப்படாத கணக்கை நம்பி வேலையைத் தொடர முடியாது," என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தான். "இதை எழுதியவர் இந்த அறையில்தான் இருக்கிறார். அவருக்கு இது ஞாபகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாமா?"

அவள் எழுதிய அட்டையின் நகல். ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்திருந்திருக்கிறான். லிம் தொண்டையைச் செருமினார். சாதியா, "ஞாபகம் இருக்கிறது," என்றாள்.

கூட்டம் கலைந்து லிஃப்டில் இறங்கும்போது இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அதீஃப் கதவைப் பார்த்தபடி, "இப்பப் புரியுதா கரையில உக்காந்திருக்கிறது என்னன்னு?" என்று கேட்டான். கடைக்கு வந்து போன நாளுக்குப் பிறகு அவன் தமிழில் அவளிடம் பேசியது அப்போதுதான்.

"புரியுது."

"அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"நான் செஞ்சது தப்பு, நானா. சரத் அங்க நின்னு பார்த்துட்டுச் சொன்னான். நான் இங்க உக்காந்து மறுத்தேன். அது தப்பு."

அவன் முகத்தில் லேசாக ஒரு திருப்தி வந்தது. அடுத்த நிமிடமே போய்விட்டது. அவள் சொன்னதை அவன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவள் செய்தது தப்பு என்றால், அன்றைக்குச் சிமெண்டில் அவன் செய்தது என்ன? அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனைச் சுட்டது.

"நீ மாறவே மாட்டே," என்றான். ஏழாவது மாடியில் யாரோ ஏறுவதற்காகக் கதவு திறந்தது. அவனுக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. ஆனாலும் இறங்கிப் போய்விட்டான்.

அந்த வாரமே சாதியா லிம்மிடம் போய், கடலுக்குத் திரும்புகிறேன் என்றாள். இந்தத் தடவை யார் மேலும் உள்ள கோபத்தில் இல்லை. பத்தொன்பதாவது மாடியில் உட்கார்ந்தால் தானும் அதீஃப்தான் என்று அவள் கண்டுகொண்டாள். இன்னொரு சரத்திடம் அப்படிப் பேசிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது. லிம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒருமுறை இறங்கினால் இந்த நாற்காலி மறுபடி கிடைக்காது. அதையும் யோசித்துக்கொள்," என்றார். சாதியா யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வீட்டில் உம்மா இரண்டு நாள் அவளுக்குத் தட்டு வைக்கவில்லை. மூன்றாம் நாள் வைத்தாள். ஆனால், "தண்ணிக்கு நடுவுல கிட. என்னைக் கூப்பிடாதே," என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. சாதியா இப்போது ரிக்கில் மேற்பார்வையாளர். கோலாலம்பூர்க்காரன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால் அதீஃபுக்கு டீம் லீடர் பதவி ஒருவழியாகக் கிடைத்தது. அதனால் அவள் கடலில் இருக்கும் இருபத்தெட்டு நாளும் காலை ஆறு மணிக்கு அவர்கள் பேசித்தான் ஆகவேண்டும். எத்தனை மீட்டர் தோண்டியாயிற்று, எவ்வளவு அழுத்தம், இன்றைக்கு என்ன வேலை என்று அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். அவன், "நன்றி சாதியா," என்பான். இன்னும் நேரம் வேண்டும் என்று அவள் கேட்டால், "எழுத்தில் அனுப்பு," என்பான். அனுப்புவாள். சில நாள் தருவான், சில நாள் மறுப்பான். மறுத்த நாட்களில் அவள் இரண்டு தடவை அட்டை எழுதியிருக்கிறாள். அவர்கள் பேசுவதைக் கேட்கிற புது ஆட்களுக்கு இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று தெரியாது.

போன நோன்புப் பெருநாள் அவள் விடுப்பில் இருந்தபோது வந்தது. பெருநாளன்று அவன் குடும்பம் காலையில் வரும், அவள் பிற்பகலில் வருவாள் என்று உம்மா நேரம் பிரித்து வைத்திருந்தாள். கடலுக்குத் திரும்பிய பிறகு தனியாக வாடகை வீட்டுக்குப் போய்விட்ட சாதியா மூன்று மணிக்குத் தோ பாயோவுக்கு வந்து சேர்ந்தாள். அதீஃபின் கார் இன்னும் கீழேயே நின்றது. அவள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து அவன் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்து காரில் ஏறினான். கார் அவளைக் கடந்து போகும்போது பின்சீட்டில் இருந்த சின்னவள் அவளைப் பார்த்துக் கையசைத்தாள். கார் வேகம் குறையவில்லை.

அவள் மேலே போனாள். உம்மா கதவைத் திறந்து, "அவன் இப்பதான் போறான்," என்றாள்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சாதியா செருப்பைக் கழற்றினாள்.