மச்சானின் பென்சனும் என் வயிற்றெரிச்சலும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கலாம். என் மச்சான் மணியத்தின் பென்சன் நின்றுபோகப் போகிறது என்று நம்பினேன். நம்பியது மட்டுமா, அந்தச் சந்தோஷத்தில் கோலா கெத்தில் டவுனில் பாய் கடையில் பக்கத்து மேசைக்காரருக்கும் சேர்த்து ரொட்டி சானாய் சொன்னேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

கடை டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்க வேலைக்காரர்களுக்கு இனிமேல் பென்சன் கிடையாது, தனியார் ஆட்களைப் போல அவர்களும் மாதாமாதம் சம்பளத்திலிருந்து சேமநிதிக்குக் கட்ட வேண்டும் என்று ஒரு பெண் வாசித்தார். அதற்கு மேலும் ஏதோ வாசித்தார். நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"நல்லதுதான் லா," என்றார் பாய், மாவை வீசிக்கொண்டே. "நான் இந்த வயசுலயும் கல்லு முன்னாடி நிக்கறேன். எனக்கு எவன் பென்சன் குடுக்கறான்?"

பக்கத்து மேசைக்காரருக்குக் கோபம் வந்தது. "என்னா பாய் பேசறீங்க! வெயில்ல நின்னு ரோடு போட்டவன் கம்மிச் சம்பளத்துக்கு ஏன் வேலை செஞ்சான்? கடைசி காலத்துல அது வரும்னுதானே?"

"அது யாரு காசு? நம்ம காசு லா."

அந்த நேரம் பார்த்து நான் சொன்ன ரொட்டி அவர் முன்னால் வந்து உட்கார்ந்தது. மனிதர் குழம்பை ஊற்றிக்கொண்டு விவாதத்திலிருந்து விலகிக்கொண்டார்.

டிவி என்றாலே எனக்கு ஒரு வாசனை வரும். புது டிவிப் பெட்டியைத் திறந்ததும் அந்த வெள்ளை நுரைக்கட்டியிலிருந்து வருமே, அது. செர்டாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் முதல் கலர் டிவி என் சித்தப்பா வாங்கியது. ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுத்தார். டிவி வந்தது, புது மோட்டார் சைக்கிள் வந்தது, லயத்துக்கே ஆட்டுக்கறிச் சாப்பாடு நடந்தது. சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு, கோயில் தலைவர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் நாங்கள் நுரைக்கட்டியைப் பிய்த்து ஒருவர் தலையில் ஒருவர் போட்டுக்கொண்டு, பெரியவர்களானால் சேமநிதி எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அடுத்த வருஷமே சித்தப்பா மறுபடி பால் வெட்டப் போனதை நாங்கள் கவனிக்கவில்லை. நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் அப்பா அந்த வயதைத் தொடவே இல்லை. எங்கள் லயத்தில் தொட்டவர்களும் அதிகமில்லை. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சமாவது என்மேல் இரக்கம் வரும்.

மணியமும் நானும் ஒரே லயம், ஒரே பள்ளிக்கூடம். பெண்டாங்கில் ரோடு போடும் அரசாங்க அலுவலகத்தில் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தோம். வேலை நிரந்தரமானபோது, சம்பள ஏடுகளைப் பார்க்கும் தலைமை கிராணி காக் நோர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மல்லிகை வாசனை பவுடர் போடும் மலாய் அக்கா; கோபமே வராது. பென்சன் என்றால் சம்பளத்தில் எதுவும் பிடிக்க மாட்டார்கள், ஓய்வு பெற்ற பிறகு சாகும்வரை மாதாமாதம் வரும். சேமநிதி என்றால் நீயும் கட்டு, அரசாங்கமும் கட்டும், மொத்தமாக எடுத்துக்கொள். பொறுமையாக விளக்கிவிட்டு, "நாக் யாங் மானா, டிக்?" என்றார். எது வேணும் தம்பி?

"சேமநிதி!" என்றேன், ஏலத்தில் கத்துவதுபோல.

காக் நோர் என்னை ஒரு தடவை பார்த்தார். "பெத்துல்?" என்று மறுபடியும் கேட்டார். நிஜந்தான் என்று தலையாட்டினேன். என் மூக்கில் அப்போது பவுடர் வாசனை இல்லை, நுரைக்கட்டி வாசனை.

மணியம் பென்சன் என்றான். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், நம்ம லயத்துல அறுபது தாண்டுனவன் யாருடா? செத்தவனுக்கு எதுக்குப் பென்சன்?"

"நான் செத்தா பொண்டாட்டிக்கு வரும் லா."

"உனக்குத்தான் பொண்டாட்டியே இல்லையே!"

அந்த வருஷ முடிவுக்குள் அவனுக்குப் பெண்டாட்டி வந்தாள். என் தங்கச்சி லெட்சுமி. பெண் கேட்டு வந்த அன்று அவன் என் அம்மாவிடம் சொன்னதும் அதே வார்த்தைதான்: "எனக்கு ஒண்ணு ஆனாலும் லெட்சுமிக்கு மாசாமாசம் வரும் அத்தே." தாலியறுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காப்பி கலந்தார்.

எனக்கும் ஐம்பத்தைந்து வந்தது. நான் எடுக்காமல் இருப்பேனா? சித்தப்பாவின் டிவியைவிட நான்கு மடங்கு பெரிய டிவி, அடுப்படிக்கு வழவழவென்று தரைக்கல், நாலு சக்கரத்தில் ஒரு காடி, மகள் தாரணியின் தாதிப் படிப்பு. படிப்பைத் தவிர மற்றதெல்லாம் இப்போது பழசாகிவிட்டது. நான் இன்னும் வேலைக்குப் போகிறேன்.

மணியம் போகவில்லை. முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மெர்போக் புறா வளர்க்கிறான். நான் காலையில் அவன் வீட்டைத் தாண்டும் நேரத்தில்தான் கைலியோடு நின்றுகொண்டு கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவான். ஏற்றிக்கொண்டே, "என்னா மச்சான், வேலைக்கா?" என்பான். யூனிபார்ம் சட்டையும் சோற்று டப்பாவுமாகப் போகிறவன் சந்தைக்கா போவான்? அந்தப் புறாக்கள்கூட என்னைப் பார்த்துத்தான் கூவுகின்றன என்று ஒருமுறை வீட்டில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனைவி என்னை மருந்தகத்தில் பிரஷர் பார்க்கச் சொல்கிறாள்.

ஆகவே அந்தச் செய்தியைக் கேட்டதும் நான் ரொட்டி வாங்கிக் கொடுத்ததில் நியாயம் உண்டு. பாய் கடையிலிருந்தே லெட்சுமிக்குப் போன் போட்டேன். துக்கம் விசாரிக்கிற குரலை வைத்துக்கொண்டு, "என்னம்மா, பென்சன் நின்னுருமாமே?" என்றேன்.

"அப்படியா?" என்றாள். ஒரு பதற்றமும் இல்லை. "நின்னா என்னா அண்ணே? உங்க வீட்டு மேல் ரூம் சும்மாதானே கெடக்கு. நாங்க வந்துடறோம். இவருக்குப் புறா வைக்கத்தான் எடம் வேணும்."

என் டீ ஆறிவிட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை. அவன் சோற்றில் மண் விழுந்தால் அந்தத் தட்டில் என் தங்கச்சியும் சாப்பிடுகிறாள் என்பது என் மண்டையில் அதுவரை ஏறவில்லை. கண்முன்னே என் கூடம் தெரிந்தது: என் நாற்காலியில் மணியம், என் பெரிய டிவிக்கு மேல் கூண்டு, நான் வேலைக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்குள்ளிருந்தே "வேலைக்கா மச்சான்?" அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் பறந்தேன். வழியெல்லாம் அவன் பென்சன் நிற்கக்கூடாது என்று கோயில் தென்பட்ட இடத்திலெல்லாம் கும்பிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே வாய்தான் ரொட்டி சொன்னது.

மணியம் புறாவுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரித்தான்.

"செய்திய முழுசா கேக்க மாட்டியா மச்சான்? எங்களுக்கு ஒண்ணும் இல்ல லா. புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்குத்தான்."

போன உயிர் வந்தது. வந்த கையோடு பொறாமையும் வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தேன்.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "தாரணி எப்போ வேலைக்குச் சேருது?" என்றான்.

சுங்கைப்பட்டாணி அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தாதி வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சேர வேண்டும். ஊரில் உள்ள பென்சனையெல்லாம் எண்ணி வயிறெரிந்த எனக்கு, என் வீட்டுப் பிள்ளை ஞாபகத்துக்கு வரவில்லை.

அவள் சேர்ந்த அன்று லீவு போட்டுவிட்டு நானே காடியில் கூட்டிப்போனேன். காக் நோர் கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இத்தனை வருஷமும் என் வாய்க்குள் தயாராக இருந்தது. செய்தி தெரிந்திருந்தும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒருவேளை கேட்டாங்கன்னா பென்சன்னு சொல்லு. யோசிக்காத. பட்டுனு சொல்லு."

"அதெல்லாம் இப்போ கேக்க மாட்டாங்கப்பா."

"கேட்டா சொல்லுன்னுதான் சொல்றேன்."

"சரிப்பா," என்றாள், பாவம் பார்த்து.

வாசலில் மரத்தடியில் காத்திருந்தேன். கழுத்தில் பெயர் அட்டையோடு வெளியே வந்தாள்.

"ஏதாச்சும் கேட்டாங்களா?"

"காடி நம்பர் கேட்டாங்கப்பா. பார்க்கிங்குக்கு."

தாரணியின் முதல் மாதச் சம்பளத்திலேயே சேமநிதிக்குப் பிடித்துக்கொண்டார்கள். மணியத்துக்குப் பென்சன் வழக்கம்போல வந்தது.