ஆட்காட்டி விரல் கையெழுத்து

இந்தச் சீட்டப் போட்டது யாருன்னுதானே கேட்ட செல்லத்தாயி, சொல்ல வாரேன் கேளு. உத்தமபாளையத்துல, திராட்சப் பெட்டியில ஒட்டுற சீட்டுக்கு கம்ப்யூட்டர்ல படம் போடுறாளே, அந்தப் பொம்பளதான். எண்ண காணாத தல, காதுல பேனா. எத வரைஞ்சாலும் வாசப்படி வரைக்கும் பின்னால போயி, ஒத்தக் கண்ண மூடித்தான் பாக்குறா.

கொடிய வளத்தவ நானு, சீட்டுல என் கையெழுத்துதான் வேணும்னேன். என் மகன் சிரிச்சான். "எங்கம்மா கைநாட்டும்மா. நீயே ஸ்டைலா எழுதி, சுத்தி நெருப்பு எரியிற மாதிரி போடு"ன்னான்.

"நான் எழுதுனா அது என் கையெழுத்துண்ணே"ன்னுட்டா அவ. "ஆத்தா, பெட்டியில என்ன அடையாளம் போடுவீக?"

சூரியன், கீழ ரெண்டு புள்ளி. பெட்டியில போடுற பழக்கத்துல மடியில இருந்த சுண்ணாம்ப எடுத்து வெள்ளத் தாள்ல இழுத்துட்டேன். ஒண்ணுந் தெரியல!

"வெள்ளையில வெள்ளைய மிஷினு எப்பிடி ஆத்தா பிரிக்கும்? கருப்பா, பெருசா, தடியாப் போடுங்க. சின்னதாக்குறது என் பாடு"ன்னு பேனாவ நீட்டுனா.

பேனா எனக்கு வராது. மேசையில கைநாட்டு மைப்பெட்டி கெடந்துச்சு. என் மகன் பெருவிரலப் புடிக்க வந்தான். "ஏலே, விடுறா"ன்னு ஆட்காட்டி விரலத் தோச்சு நானே வரைஞ்சேன்.

அவ தாள மிஷின்ல கொடுத்து, வெள்ளைய மட்டும் அழிச்சா.

"நெருப்பு?"ன்னான் மகன்.

"சூரியனுக்கு எதுக்குண்ணே நெருப்பு?"ன்னு வாசலுக்குப் போயி ஒத்தக் கண்ண மூடுனா. நானும் பக்கத்துல நின்னு மூடுனேன். கம்ப்யூட்டர்ல என் சூரியன் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

அவ பேரக் கேக்காமயே வந்துட்டேன் பாரேன். அந்தா, பெட்டி ஏத்த லாரி வந்துருச்சு... ஏலே, புள்ளி கீழ வரணும்டா, சீட்டத் தலைகீழா ஒட்டாத! இருடி, நானே போயி ஒட்டுறேன்.